நீர் உறிஞ்சும் திரவமும் இரண்டாண்டுக் கெடுவும்

காரைச் சர்வீசுக்கு விட்டு எடுப்பவர்களின் ரசீதில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘பிரேக் ஆயில் மாற்றம்’ என்றொரு வரி இடம்பெறுகிறது. ஏன் என்று கேட்டால், ‘இரண்டு வருடம் ஆகிவிட்டது’ என்பதற்கு மேல் விளக்கம் கிடைப்பது அரிது. என்ஜின் ஆயில் கறுப்பது கண்ணுக்குத் தெரிகிறது, டயர் தேய்வது விரலுக்குத் தெரிகிறது. பிரேக் ஆயிலோ மூடிய குழாய்களுக்குள் இருக்கிறது, எரிவதில்லை, செலவாவதுமில்லை. ஐந்தாண்டுப் பழைய திரவத்தோடு ஓடும் காரும் நேற்று மாற்றிய காரும் சிக்னலில் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. நன்றாக வேலை செய்யும் ஒன்றை எதற்காக வடித்துக் கொட்டவேண்டும் என்று உரிமையாளர் கேட்பது நியாயமே.

தயாரிப்பாளர்களின் கையேடுகளைப் புரட்டினால் ஐயம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பிஎம்டபிள்யூ இரண்டு ஆண்டு என்கிறது. ஹோண்டா, ஓடிய தூரம் எதுவானாலும் மூன்று ஆண்டு என்கிறது. டெஸ்லா, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துத் தேவையானால் மட்டும் மாற்றச் சொல்கிறது. அமெரிக்கச் சந்தைக்கென அச்சிடப்பட்ட கையேடுகள் சிலவற்றில் ‘அளவைப் பார்க்கவும்’ என்பதற்கு மேல் ஒன்றும் நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. ஒரே வகைத் திரவத்துக்கு இத்தனை கெடுக்கள் இருக்குமானால், அவற்றுள் ஏதோ ஒன்று பணம் பறிக்கும் வழி என்று சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கெடுக்கள் ஒவ்வொன்றும் எதை அளக்க முயல்கிறது என்பதைப் பார்த்தால், அவற்றுக்கிடையே உள்ள முரண் தோன்றுமளவு பெரிதல்ல என்பது விளங்கும்.

காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது

ஓட்டுநரின் கால் பெடலை அழுத்தும்போது, என்ஜின் அறைக்குள் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் என்ற உருளையில் ஓர் உந்து தண்டு முன்னே நகர்ந்து அங்குள்ள திரவத்தை நெருக்குகிறது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டறிந்த விதியின்படி, அந்த அழுத்தம் மெல்லிய எஃகுக் குழாய்களின் வழியாகச் சக்கரங்களை எட்டி, அங்கே காலிப்பர் எனப்படும் கவ்வியின் பிஸ்டனைத் தள்ளி, பிரேக் பேடுகளைச் சுழலும் டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. இவ்வளவும் நடப்பதற்கு ஒரே நிபந்தனை, குழாய்க்குள் இருப்பது நெருக்கினால் சுருங்காத பொருளாக இருக்கவேண்டும் என்பது. திரவம் ஏறத்தாழச் சுருங்குவதில்லை, வாயு தாராளமாகச் சுருங்குகிறது. ஆகவே குழாய்க்குள் வாயு புகுந்துவிட்டால் காலின் உழைப்பு அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. பிரேக் பழுது பார்த்தபின் மெக்கானிக்குகள் ‘ஏர் எடுப்பது’ இதனால்தான்.

இங்கே இரண்டு சிறு உண்மைகளைக் குறித்துக்கொள்வது பின்னால் உதவும். ஒரு காரின் பிரேக் அமைப்பு முழுவதிலும் இருக்கும் திரவம் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கும் குறைவு. மேலும், என்ஜின் ஆயிலைப் போல அது சுற்றி ஓடுவதில்லை. பெடலை மிதிக்கும்போது காலிப்பர் பிஸ்டன் நகர்வது ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே என்பதால், திரவமும் அந்த அளவுக்கு முன்னே போய்ப் பின்னே வருகிறது. சக்கரத்தின் அருகே காலிப்பருக்குள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியிருக்கிறது.

மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் 1917இல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் வெளிவந்த டூசன்பெர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களிலும் அத்தகைய பிரேக்கைக் கொண்டிருந்தது. அந்தக் காலத்துத் திரவம் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹாலைக் கலந்து செய்யப்பட்டது. ஆமணக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுப்பதில்லை, ஆல்கஹால் அதை இளக்கி ஓடச் செய்தது. ஆனால் எளிதில் ஆவியாகும் ஆல்கஹால், கார்கள் கனத்து வேகமும் கூடியபோது பொருந்தாமல் போனது. இன்று பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்று வழங்கும் திரவத்தில் எண்ணெய் இல்லை. அது கிளைக்கால் ஈதர் என்னும் கரிமச் சேர்மங்களின் கலவை. உறையெதிர்ப்புத் திரவமாக ரேடியேட்டரில் ஊற்றப்படும் கிளைக்காலுக்கு உறவுக்காரப் பொருள். உண்மையான கனிம எண்ணெயைத் தவறுதலாக இதில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்து முழு அமைப்பையும் பிரித்து மாற்றவேண்டி வரும் என்பதால், இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது பயனுள்ளது.

நீரை உறிஞ்சுவது குறையா, குணமா

கிளைக்கால் ஈதர்கள் காற்றிலுள்ள ஈரத்தைத் தம்பால் இழுத்துக்கொள்பவை. இந்த இயல்பை ஈரங்கவர் தன்மை எனலாம். திறந்து வைத்த புட்டியில் இது விரைவாக நடக்கும். பாதி பயன்படுத்தி மூடிவைத்த புட்டியை அடுத்த ஆண்டு எடுத்து ஊற்றக்கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். காரில் இது மெதுவாக நடக்கிறது. திரவம் நிரப்பும் டப்பாவின் மூடியில் உள்ள காற்றுத் துளை ஒரு வாயில். அதைவிட எதிர்பாராத வாயில் சக்கரங்களின் அருகே உள்ள ரப்பர் ஹோஸ்கள். திரவம் வெளியே கசியாத ரப்பரின் ஊடாகவும் நீராவி மூலக்கூறுகள் அணு அளவு இடைவெளிகளில் ஊர்ந்து உள்ளே வந்துவிடுகின்றன. ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை நீர் சேரும் என்று தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படுவது பழைய ரப்பர் வகைகளுக்குப் பொருந்தும் கணக்கு. பிற்காலத்து ஹோஸ்கள் ஈரத்தை இன்னும் மெதுவாக விடுகின்றன. கடலோர ஊரில் ஓடும் காருக்கும் வறண்ட நிலத்தில் ஓடும் காருக்கும் இந்த வேகம் ஒன்றாக இராது.

நீரை இழுக்கும் பொருளைப் பொறியாளர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி இங்கே எழும். நீரை உறிஞ்சாத மாற்று ஒன்று உண்டு. டாட் 5 என்ற பெயரில் விற்கும் சிலிக்கோன் திரவம் அது. நெடுங்காலம் நிறுத்திவைக்கப்படும் ராணுவ வண்டிகளுக்கு அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்டது. ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களிலும் பல ஆண்டுகள் அது இருந்தது. ஆனால் திரவம் உறிஞ்ச மறுத்தாலும் நீர் உள்ளே வருவது முற்றாக நின்றுவிடுவதில்லை. கலக்க இடமில்லாத நீர் துளிகளாகத் திரண்டு, தன் எடையால் அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு, அதாவது மிகச் சூடாகும் காலிப்பருக்கு இறங்கித் தேங்குகிறது. தேங்கிய தூய நீர் 100 டிகிரியில் கொதிக்கும், குளிர்நாட்டில் உறைந்து குழாயை அடைக்கும், படிந்த இடத்தில் எஃகைத் துருவாக்கும். கிளைக்கால் திரவமோ அதே நீரைத் தன் முழுப் பரப்பிலும் கரைத்துப் பரப்பிவிடுவதால், எந்த ஓரிடத்திலும் அது திரண்டு தீங்கு செய்ய விடுவதில்லை. சிலிக்கோன் திரவத்தில் காற்றுக்குமிழ்கள் எளிதில் தங்குவதாலும் அது சற்றே கூடுதலாகச் சுருங்குவதாலும் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களுக்கு அது உகந்ததல்ல. ஆக, ஈரங்கவர் தன்மை கவனக்குறைவால் நேர்ந்த குறை அல்ல. கூடுதல் தீமையைத் தவிர்க்கக் குறைந்த தீமையை அறிந்தே ஏற்றுக்கொண்டதன் விளைவு. அந்த ஏற்பாட்டின் விலைதான் அவ்வப்போது மாற்றவேண்டிய கட்டாயம்.

உலர்ந்த கொதிநிலை, நனைந்த கொதிநிலை

புட்டிகளின்மேல் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று அச்சிட்டிருப்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரவரிசை. ஒவ்வொரு தரத்துக்கும் இரண்டு கொதிநிலைகள் விதிக்கப்பட்டுள்ளன. புதிதாகத் திறந்த திரவத்துக்கு உரியது உலர்ந்த கொதிநிலை, ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் உரியது நனைந்த கொதிநிலை. டாட் 3 திரவம் உலர்ந்த நிலையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸையும் நனைந்தபின் 140 டிகிரியையும் தாங்கவேண்டும். டாட் 4க்கு இவை 230, 155. டாட் 5.1க்கு 260, 180. டாட் 4 வகையில் போரேட் எஸ்டர் என்ற சேர்மம் கலந்திருப்பதால், வரும் நீரின் ஒரு பகுதியை அது வேதிவினையால் பிணைத்து வைத்துக்கொள்கிறது. அதன் நனைந்த கொதிநிலை உயர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த எண்களில் கவனிக்கத்தக்கது, நனைந்த கொதிநிலை என்ற ஒன்றைத் தரவிதியே வரையறுத்திருப்பதுதான். நீர் வரும் என்பது விபத்தாகவன்றிக் கணக்காகவே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. பிரேக்கை வடிவமைப்பவர் 230ஐ நம்பி வடிவமைப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து இருக்கப்போகும் 155ஐ மனத்தில் வைத்தே டிஸ்க்கின் பருமனையும் காற்றோட்டத்தையும் முடிவு செய்யவேண்டும். எனவே மாற்றும் கெடு, திரவத்தை எப்போதும் புதிதாக வைத்திருக்க வந்ததல்ல. வடிவமைப்பாளர் எதிர்பார்த்த அந்த நனைந்த எல்லையைத் தாண்டி அது மேலும் நனையாமல் பார்த்துக்கொள்ள வந்தது. இதற்கு நேர்மாறான உலகம் பந்தயக் களம்: அங்கே 300 டிகிரிக்கு மேல் உலர்ந்த கொதிநிலை உள்ள திரவங்களை ஊற்றி, அவை நனைய வாய்ப்புத் தராமல் அடிக்கடி மாற்றிவிடுவதால் நனைந்த கொதிநிலையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

இன்னொன்று. நீர் கூடக்கூடக் கொதிநிலை ஒரே சீராகக் குறைவதில்லை. முதல் ஒரு சதவீத நீர் செய்யும் சரிவு செங்குத்தானது. அடுத்தடுத்த சதவீதங்கள் செய்யும் சரிவு படிப்படியாகத் தணிகிறது. புதிய திரவத்தின் மேன்மையில் பெரும்பங்கு தொடக்கக் காலத்திலேயே கரைந்துபோகிறது என்பதால், இரண்டாம் ஆண்டு முடிவுக்கும் மூன்றாம் ஆண்டு முடிவுக்கும் இடையே உள்ள வேறுபாடு பலர் அஞ்சுமளவு பெரிதல்ல. மூன்றாம் ஆண்டுக்கும் பத்தாம் ஆண்டுக்கும் இடையே உள்ளதே கவலைக்குரியது. பிஎம்டபிள்யூவின் இரண்டும் ஹோண்டாவின் மூன்றும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், இரண்டும் அந்தச் சரிவின் தணிந்த பகுதியில்தான் விழுகின்றன.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு

இந்தக் கொதிநிலை எப்போதாவது தேவைப்படுமா என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். நகரத்துச் சாலையில் பிரேக் அடிப்பவரின் காலிப்பரில் உள்ள திரவம் 100 டிகிரியை எட்டுவதே அரிது. அந்த வாழ்க்கைக்குப் பத்தாண்டுப் பழைய திரவமும் போதும். நீலகிரியிலிருந்து இறங்கும் சாலை வேறு கதை. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 330 மீட்டரை ஒட்டி இருக்கிறது; இடையே 33 கிலோமீட்டர் அளவுக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை இறங்குகிறது. நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளுமாக 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த 1,500 மீட்டரையும் இறங்குவதாகக் கொள்ளலாம்.

அவ்வளவு எடை அவ்வளவு உயரத்திலிருந்து கீழே வரும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். கார் மேட்டுப்பாளையத்தில் நிற்கும்போது அந்த ஆற்றலில் ஒரு துளியும் காரிடம் மிஞ்சியிருக்காது. அத்தனையும் வழியில் வெப்பமாக மாறியிருக்கவேண்டும். டயர்களின் உராய்வும் எதிர்க்காற்றும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மீதி 1 கோடியே 40 லட்சம் ஜூலை என்ஜினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்றெண்ணி ஒருவர் நியூட்ரலில் இறங்கினால் என்ஜினின் பங்கு சுழியமாகிறது. பயணம் ஒரு மணி நேரம் பிடித்தால் பிரேக்குகள் இடைவிடாமல் சராசரியாக 3,800 வாட் வீதம் வெப்பத்தை வாங்கவேண்டும். முன்சக்கரங்கள் 70 சதவீதத்தைச் சுமக்கின்றன என்று கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் ஏறத்தாழ 1,300 வாட் வருகிறது. சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை நடுத்தர அளவில் வைத்து, ஒவ்வொரு முன்சக்கரத்துக்குள்ளும் ஒரு மணி நேரம் எரியவிட்டால் எப்படியோ அப்படி.

இது சராசரி மட்டுமே. வழியில் உள்ள கல்லாற்றுக்குக் கீழே சாலை சமதளத்தை நெருங்குவதால் வெப்பத்தின் பெரும்பகுதி அதற்கு மேற்பட்ட தூரத்திலேயே பிறந்துவிடுகிறது, அதிலும் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் மொத்தமாகக் கொட்டுகிறது. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிச் சாலை இதைவிடச் செங்குத்தானது. 100 மீட்டருக்கு 9 மீட்டர் இறங்கும் ஒரு சரிவில் இதே கார் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலில் இறங்கினால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 2,500 வாட் கிடைக்கும். அந்த மெதுவான வேகத்தில் டிஸ்க்கைக் குளிர்விக்க வரும் காற்றும் குறைவு. நீண்ட இறக்கத்தில் டிஸ்க்கின் வெப்பநிலை 300 டிகிரியைத் தாண்டுவது வியப்பல்ல. ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் மலைச்சாலை 2,504 மீட்டர் உயரம் வரை ஏறுவது. கார் நிறுவனங்கள் தம் புதிய மாடல்களின் பிரேக்குகளை அங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது இத்தகைய இறக்கத்துக்காகத்தான்.

டிஸ்க்கின் வெப்பம் அப்படியே திரவத்துக்கு வருவதில்லை. இடையே பிரேக் பேடின் உராய்வுப் பொருள் தடுப்புச் சுவராக நிற்கிறது. பேடு தேயத்தேயச் சுவர் மெலிகிறது என்பதால், தேய்ந்த பேடும் நனைந்த திரவமும் ஒரே காரில் சேர்வது தனித்தனியே இருப்பதைவிட மோசமானது. இரண்டும் ஒரே காலத்தில் முதுமை அடைவன என்பதால் அவை சேர்வது அடிக்கடி நிகழ்கிறது. சூடு ஏறும் நேரமும் எதிர்பார்ப்புக்கு மாறானது. கால் பெடலின்மேல் இருக்கும்வரை திரவம் பல மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதால், அதன் கொதிநிலை மிக உயர்ந்து நிற்கிறது. குக்கருக்குள் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் அதே விதி. காலை எடுத்ததும் அழுத்தம் விழுகிறது, அந்தக் கணத்தில் கொதிப்பு தொடங்குகிறது. இன்னும் வஞ்சகமானது ஓய்வு. வழியில் பர்லியாரில் பழக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினால் டிஸ்க்கைக் குளிர்வித்துக்கொண்டிருந்த காற்றோட்டம் நின்றுபோகிறது. டிஸ்க்கில் சேர்ந்திருந்த வெப்பம் போக வேறு வழியின்றிப் பேடு, பிஸ்டன் வழியாகத் திரவத்துக்குள் ஊறுகிறது. திரவத்தின் உச்ச வெப்பநிலை வண்டி ஓடும்போது அல்ல, நின்ற சில நிமிடங்களுக்குப் பின்னரே வருகிறது. மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு புறப்படும் ஓட்டுநர் முதல் வளைவில் பெடலை மிதிக்கும்போது அது தரையைத் தொட்டால், காரணம் இந்த ஓய்வுக்குள் இருக்கிறது.

எவ்வளவு நீர் ஆவியானால் பெடல் தரையைத் தொடும் என்பதும் கணக்கிடத்தக்கதே. ஒரு கிராம் நீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் ஏறத்தாழ 1,700 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு முழு மிதிப்பில் தள்ளக்கூடிய திரவமோ இரண்டு மூன்று தேக்கரண்டிதான். கிராமில் நூறில் ஒரு பங்கு நீர் ஆவியானாலே, முழு மிதிப்பும் அந்த ஆவியைச் சுருக்குவதில் தீர்ந்துவிடும். திரவக் குழாயில் ஆவி புகுந்து அழுத்தத்தைத் தடுக்கும் இந்த நிலையை ஆவியடைப்பு எனலாம்.

இதை இன்னொரு மலைச்சாலைக் கோளாறோடு குழப்பிக்கொள்வது வழக்கம். பேடின் உராய்வுப் பொருளே அளவுமீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்தால், பெடல் கல்லைப்போல் உறுதியாக இருக்கும், ஆனால் கார் நிற்காது. ஆவியடைப்பில் பெடல் பஞ்சாக அமிழ்ந்துபோகும். முன்னது திரவத்தை மாற்றுவதால் தீராது. இரண்டையும் தவிர்க்கும் வழி ஒன்றே, அது மலைப்பாதை ஓட்டுநர்கள் தலைமுறைகளாக அறிந்தது: ஏறிய கியரிலேயே இறங்குவது. மேற்கண்ட கணக்கில் இரண்டாம் கியரில் இறங்குபவரின் என்ஜின், மிஞ்சிய ஆற்றலில் பாதியை வாங்கிக்கொண்டாலே டிஸ்க்குகளின் சுமை பாதியாகிறது. புதிய திரவத்தை ஊற்றி நியூட்ரலில் இறங்குபவரைவிடப் பழைய திரவத்தோடு இரண்டாம் கியரில் இறங்குபவர் பாதுகாப்பானவர் என்று சொல்வது சர்வீஸ் நிலையங்களுக்கு உவப்பாக இராது, ஆனாலும் அது உண்மை.

பெடல் அமிழ்ந்துவிட்டால், அதைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதிப்பது ஓரளவு அழுத்தத்தை மீட்கும். கியரைக் குறைப்பதும் கைப்பிரேக்கைப் படிப்படியாக இழுப்பதும் திரவத்தை நம்பாத வழிகள். சூடேறிய டிஸ்க்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் அது கோணவோ விரிசல் விடவோ கூடும்.

தடயம் விடாத பழுது

‘இருபது ஆண்டாக மாற்றியதில்லை, ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்களின் அனுபவத்தைப் பொய் என்று தள்ளவேண்டியதில்லை. பெரும்பாலான கார்கள் அந்த எல்லையின் அருகே ஒருபோதும் போவதில்லை. ஆனால் அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆவியடைப்பு நேர்ந்த கார் அரை மணி நேரம் ஆறினால், ஆவி மீண்டும் திரவமாகக் குளிர்ந்து, பெடல் பழையபடி உறுதியாகிவிடுகிறது. பட்டறைக்கு இழுத்துச் சென்று பார்க்கும் மெக்கானிக்குக்குக் கசிவும் தெரியாது, உடைந்த பாகமும் தெரியாது. பள்ளத்தில் விழுந்த வண்டியைச் சோதிப்பவருக்கும் அதே கதிதான். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஓட்டுநர் சொன்னது ஓட்டுநரின் சாக்காகவே பதிவாகக்கூடும். தடயமில்லாத பழுதைக் கணக்கெடுப்பது கடினம் என்பதால், பழைய திரவத்தால் நேர்ந்த விபத்துகள் குறைவு என்பதற்கும், அப்படிப் பதிவானவை குறைவு என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை மறக்கக்கூடாது.

மெதுவாகத் தின்னும் அரிப்பு

மலையையே பார்க்காத காருக்கும் ஒரு காரணம் உண்டு. அது கொதிப்பல்ல, அரிப்பு. திரவத்தில் உலோகத்தைக் காக்கும் அரிப்புத் தடுப்பிகள் கலந்திருக்கின்றன. அவை தம்மைச் செலவிட்டே உலோகத்தைக் காப்பவை என்பதால், காலப்போக்கில் தீர்ந்துவிடுகின்றன. எஃகு பிரேக் குழாய்கள் இரட்டைச் சுற்றாகச் சுருட்டிச் செம்பால் பற்றவைக்கப்பட்டவை. தடுப்பிகள் மெலிந்ததும் அந்தச் செம்பு சிறிது சிறிதாகத் திரவத்தில் கரையத் தொடங்குகிறது. கரைந்த செம்பு பின்னர் ஏபிஎஸ் அலகின் எஃகுப் பரப்புகளில் படிந்து, அங்கே இரும்பின் அரிப்பைத் தூண்டுகிறது. திரவத்தில் பத்து லட்சத்தில் 200 பங்குக்கு மேல் செம்பு இருந்தால் மாற்றிவிடச் சொல்லும் நிறம் மாறும் சோதனைத் தாள்கள் இந்த அடிப்படையில் வந்தவை.

ஏபிஎஸ் அலகுக்குள் இருக்கும் வால்வுகளின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. பழைய டிரம் பிரேக்கில் தொல்லை தராத ஒரு துகள் அங்கே வால்வைத் திணறச் செய்யும். அந்த அலகை மாற்றப் பல்லாயிரம் ரூபாய் ஆகும், திரவத்தை மாற்றச் சில நூறு ரூபாயும் கூலியும் போதும். பாதுகாப்பைப் பற்றிய வாதம் யாரையும் அசைக்காவிட்டாலும் இந்தக் கணக்கு அசைக்கக்கூடும். நகரத்தைத் தாண்டாத கார்களைப் பொறுத்தவரை, மாற்றுவதற்கு இதுவே வலுவான காரணம் என்று தோன்றுகிறது.

நாட்காட்டியும் சோதனைக் கருவியும்

திரவத்தை நேரடியாகச் சோதித்துவிட்டால் கெடுவே தேவையில்லையே என்ற கேள்வி எழுவது இயல்பு. நிறத்தைப் பார்த்துச் சொல்வது பயனற்றது; வெப்பத்தாலும் ரப்பர் துகளாலும் நல்ல திரவமும் கறுக்கும், நீர் நிறையச் சேர்ந்த திரவமும் தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்து டப்பாவில் நுழைத்துப் பார்க்கும் பேனா வடிவக் கருவிகள் மின்கடத்தலை அளந்து நீரின் சதவீதத்தை ஊகிக்கின்றன. திரவத்தின் வகைக்கேற்ப மின்கடத்தலும் மாறுவதால் அந்த ஊகம் பிசகக்கூடும். திரவத்தின் சிறு பகுதியைக் கொதிக்கவைத்தே வெப்பநிலையைச் சொல்லும் கருவிகள் நம்பத்தக்கவை, ஆனால் அவை எல்லாப் பட்டறைகளிலும் இருப்பதில்லை. எந்தக் கருவியானாலும் தீராத ஒரு குறை உண்டு. திரவம் சுற்றி ஓடாதது என்று முன்பு கண்டோம். ஈரம் புகும் ரப்பர் ஹோஸ்களோ சக்கரங்களின் அருகில் உள்ளன. ஆகவே டப்பாவிலிருந்து எடுத்த மாதிரி, காலிப்பரில் உள்ள திரவத்தைவிட உலர்ந்ததாகத் தோன்றக்கூடும். அளவு குறைந்தபோது மேலே சிறிது ஊற்றி நிரப்புவதும் இதனாலேயே பொய்யான நிம்மதி. பேடு தேய்ந்ததால் இறங்கிய அளவை அது மறைத்துவிடுகிறது, காலிப்பரில் இருக்கும் பழைய திரவத்தைத் தொடுவதுகூட இல்லை. மாற்றுவது என்றால் நான்கு சக்கரங்களின் திருகுகளையும் திறந்து, பழையது முழுதும் வெளியேறும்வரை புதியதைச் செலுத்துவது மட்டுமே.

நாட்காட்டி, இந்தச் சோதனைகளை யாரும் ஒழுங்காகச் செய்யப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு வைத்த ஏற்பாடு. எந்த ஊர், எந்த மலை, எந்த ஓட்டுநர் என்று அறியாத நிறுவனம், எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்லவேண்டியிருப்பதால் எச்சரிக்கையின் பக்கமே சாய்கிறது. கையேடு சொல்வதை இரண்டு வாரம் தவறவிட்டதற்கு அஞ்சவேண்டியதில்லை. கடலோரத்தில் வாழ்ந்து கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலையேறுபவர் இரண்டாண்டை மீறாதிருப்பது அறிவு. நகருக்குள்ளேயே ஓட்டுபவர் மூன்றாண்டு வரை போவதில் பழுதில்லை. அதற்கு மேலும் மாற்றாமல் விடுவதை நியாயப்படுத்தும் சேமிப்பு எதுவும் இல்லை. சர்வீஸ் நிலையம் ஆண்டுதோறும் மாற்றச் சொன்னால், பந்தயத்தில் ஓட்டாத காருக்கு அது வீண் செலவு.

மின்கார்களில் இந்தக் கணக்கு இப்போது திசை மாறிக்கொண்டிருக்கிறது. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை மின்கலத்துக்கு அனுப்பிவிடுவதால், குன்னூர் இறக்கத்தின் 1 கோடியே 40 லட்சம் ஜூலில் பெரும்பகுதி டிஸ்க்கை எட்டுவதே இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: மலையுச்சியில் மின்கலத்தை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்குபவரின் காரில் ஆற்றலை வாங்க இடமிருக்காது, முதல் சில கிலோமீட்டருக்கு முழுச்சுமையும் பழையபடி டிஸ்க்குக்கே வரும். மற்றபடி, கொதிப்பைப் பற்றிய அச்சம் பின்னுக்குப் போய், அதிகம் பயன்படாத காலிப்பரில் தேங்கி நிற்கும் திரவத்தின் ஈரமும் அரிப்பும் முன்னுக்கு வருகின்றன. நான்காண்டுக்கு ஒருமுறை மாற்று என்று சொல்லாமல் சோதித்துப் பார் என்று ஒரு நிறுவனம் சொல்லத் துணிந்ததன் பின்னணியில் இந்த மாற்றம் இருக்கிறது.